எந்தக் குவியலிலும் சேராத சீட்டு

அந்த ஒரு சீட்டு மட்டும் எங்கேயும் போய்ச் சேர மறுத்தது. வெர்னா கிம்பால் அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு மேஜையை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தாள்.

மேஜை மேல் நூற்றெழுபது குவியல்கள். எல்லாம் 'ரன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு. ஆள் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன். கடை நடத்தினால், தேர்தலில் நின்றால், காலுறையில் நூல் பிரிந்தால், சால்மன் மீன்கள் கூட்டமாக ஆற்றில் ஏறி வந்தால், அதெல்லாமும் ரன்தான். ஓடுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று என்று ஒரு காலத்தில் தனித்தனியாக இருந்த சொற்கள், வடக்கிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேச்சும் கலந்து, ஒன்றாகிப்போனதால் வந்த வினை.

மாசசூசெட்ஸில் இருந்த அந்த அகராதி அலுவலகத்தில் வேலை நடக்கும் விதம் இதுதான். பத்திரிகையிலோ புத்தகத்திலோ ஒரு சொல் வந்த வாக்கியத்தைச் சீட்டில் தட்டச்சு செய்து, வலது மேல் மூலையில் தேதி போட்டு, இழுப்பறையில் தேதி வரிசையாக வைப்பார்கள். அவற்றை எடுத்துப் படித்துப் பொருள்வாரியாகப் பிரிப்பதுதான் மலையைப் பெயர்க்கிற வேலை. பிரித்துவிட்டால், குவியலுக்கு ஒரு வரியாக எல்லா விளக்கத்தையும் எழுத இரண்டு நாள் போதும். சீட்டில் பென்சில்கூடப் படக் கூடாது. எந்தக் குவியல் எந்தப் பொருள் என்பது மேலே செருகியிருக்கும் இளஞ்சிவப்புத் துண்டுகளில் மட்டும்தான் இருக்கும்.

மூவாயிரம் சீட்டுகளை வெர்னா ஐந்து மாதமாகப் பிரித்திருந்தாள். மிச்சம் இது ஒன்றுதான். 1931இல் வெர்மான்ட் பத்திரிகை ஒன்றில் வந்த வாக்கியம்: 'அன்று அவள் பேச்சில் ஒரு ரன் இருந்தது.' வேகமா, சரளமா, கோபமா?

பின்னால் செருமல் கேட்டது. அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் லேலண்ட். வாய்விட்டுப் பேசக் கூடாத அலுவலகம் அது. உத்தரவெல்லாம் அட்டையில்தான் வரும். அவர் ஓர் அட்டையை மேஜை விளிம்பில் வைத்தார்.

'ரன் சீட்டுகள் யாவற்றையும் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் அலுவலக விதிப்படி பெட்டிகளில் அடுக்கி ஒப்படைக்கவும். விளக்கம் நான் எழுதுவேன். பி.எல்.'

"நானே எழுதிடறேனே, மிஸ்டர் லேலண்ட்," என்றாள் வெர்னா, கிசுகிசுப்பாக.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? பிரிக்கறதுக்குப் பொறுமை இருந்தாப் போதும். எழுத மூளை வேணும். செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகணும் இது." அவர் பார்வை அவள் கையிலிருந்த சீட்டுக்குப் போனது. "இந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு மூணு நாளா மேஜையச் சுத்தறியாமே? இடம் கிடைச்சா எனக்கும் சொல்லு!"

விளக்கம் எழுதியவர் பெயர்தான் அகராதியில் ஏறும். இரண்டு வருடம் முன்பு 'டேக்' என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. அன்றைக்கு அட்டைகூட இல்லை. அவள் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், குவியல்களைத் துண்டுகளோடு அப்படியே அள்ளிக்கொண்டு போனார். அதற்குத்தான் அவருக்குத் தலைமை நாற்காலி கிடைத்தது. வெர்னாவுக்கு ஒரு டப்பா சாக்லேட்.

அவர் போனதும் பக்கத்து மேஜை டாட்டி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"மறுபடியுமா? அந்த அட்டையைக் கிழிச்சு அவன் காபியில போடுடி."

"எதுக்கு? அவர் எழுதினபடியே செய்யப் போறேன்."

"உனக்குப் பைத்தியமா? அஞ்சு மாச உழைப்புடி! அந்த ஆளு ஜென்மத்துல ஒரு சீட்டாவது அடுக்கியிருப்பானா?"

"இல்லை," என்றாள் வெர்னா, யோசனையோடு. "ஒண்ணுகூட இல்லை."

அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். பதினான்காம் பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு மூடினாள். பிறகு அந்த அட்டையைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாள் அவள் இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு கையில் முட்டை சாண்ட்விச், இன்னொரு கையில் சீட்டு. வாக்கியத்தைக்கூடப் படிக்கவில்லை. மேல் மூலையில் ஒரு பார்வை, உடனே பெட்டிக்குள். எதிரிக்கு இப்படியும் ஒருத்தி உழைப்பாளா என்று டாட்டிக்கு ஆற்றாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தடிக்க ஐந்து நிமிடம். பதினோரு பெட்டிகளும் தள்ளுவண்டியில் ஏறிவிட்டன. வெர்னா நீட்டிய ரசீதில், 'விதிப்படி அடுக்கியது சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே லேலண்ட் பி.எல். என்று கிறுக்கினார். ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"சமர்த்து!" என்றார், வண்டியின் பிடியில் கை வைத்துக்கொண்டு. "ஆமா, அந்த ஒத்தைச் சீட்டு என்ன ஆச்சு? கடைசிவரைக்கும் அதுக்கு ஒரு இடம் கண்டுபிடிக்க முடியலையே உன்னால!"

வெர்னா ரசீதை மடித்து அட்டையோடு சேர்த்து வைத்தாள். கோட்டுப் பொத்தானை நிதானமாகப் போட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன், மிஸ்டர் லேலண்ட். விதிப்படி மூவாயிரத்தையும் பழையபடி தேதி வரிசையில அடுக்கினேன், அதுவும் தன் இடத்துல போய் உக்காந்துக்கிச்சு."