கைநாட்டு

நார்த்தாமலையில் உழுதுகொண்டிருந்த அடைக்கலத்தை வரப்பில் நின்று கூப்பிட்டார் போலீஸ் ஏட்டு.

"உடையப்பன் ஒன் மகனா? ஆளு எப்படி?"

அடைக்கலம் ஏரை நிறுத்தினார். திருச்சி காலேஜில் படிக்கிறவன் என்ன செய்து தொலைத்தானோ?

"என்ன விசயம்ங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சேர்க்கை சரியில்லைங்க. எப்பவோ தலைமுழுகிட்டேன். அவனுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, ஒறவுமில்லை."

ஏட்டு எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்கால பஸ்ஸில் உடையப்பன் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான்.

"ஓடிப்போயிருய்யா, போலீசு வந்துச்சு," என்றார் அடைக்கலம்.

"அதுக்குள்ள வந்துட்டாங்களாப்பா? சூரியனுக்குள்ள நடக்குற மாதிரி அணுவைச் சேர்த்துக் கரண்டு எடுக்குற பயிற்சிக்கு, பம்பாயில என்னைய எடுத்திருக்காங்க. நான் ஒழுங்கானவன்னு ஊருல விசாரிச்சு எழுதிட்டா ரயில் ஏறிர வேண்டியதுதான்."

அடைக்கலம் கட்டைவிரல் மையை வேட்டியில் தேய்த்தார். அது போகவில்லை.