கண்ணாடியில் நட்சத்திரம்

உளவியல் செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் சோதனைக்கு உட்கார ஓர் ஆளை அழைத்துவர வேண்டும். தமயந்தி தன் அப்பா பரமானந்தத்திடம் சொல்லி வைத்திருந்தாள். போன மாதம் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். இருந்தும் பரமானந்தம் வந்தார். அவள் பதிவெண் இன்னும் ஒட்டியிருந்த மேசையின் முன்னால் உட்கார்ந்தார். கையைப் பலகை மறைத்திருக்க, கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். "தப்புத் தப்பாத்தான் வரும்ப்பா, அதான் நார்மல்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருந்தாள். அவள் சொன்னபடியே அவர் கை எதிர்ப்பக்கமே போனது.

"உங்க வருத்தம் புரியுது சார். ஆனா கேண்டிடேட் ஆப்சென்ட்," என்றார் துறைத்தலைவி.

"மனசு சரியில்லன்னு உங்ககிட்டதான் லீவு கேட்டாளாம்."

"டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டேன். எல்லாருக்கும் அதான் ரூல்."

"இந்த டிபார்ட்மெண்ட்ல கூடவா மேடம், காய்ச்சல்னு பொய் சொல்லணும்?"

துறைத்தலைவி கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினார். பரமானந்தம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மற்ற மேசைகளில் பென்சில்கள் நின்றுவிட்டன. அவர் மேசைமேல் இருந்த ஸ்டாப்வாட்சை எதிரே இருந்த காலி நாற்காலிப் பக்கம் தள்ளினார்.

"நான் இன்னும் முடிக்கல. அவ இடத்துல உக்காந்து நீங்க நேரம் பாருங்க."