சம்பந்தி கேட்ட தண்ணீர்

"பஜ்ஜியைத் தின்னுட்டு, காப்பியைக் குடிச்சிட்டுப் போனவங்க, இப்போ தண்ணி சரியில்லைன்னு சொல்றாங்களா? என்ன திமிர் இருக்கும்!"

அடைக்கலம் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ரஷீதா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க. கல்யாண விஷயம் தெருவுக்கே கேக்குது," என்றாள் அவர் மனைவி ரங்கநாயகி.

முந்தின நாள்தான் திருவானைக்காவலிலிருந்து யாழினியின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்து போயிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. மகன் அஜித்துக்கும் யாழினிக்கும் பிடித்துப் போய்விட்டது. நாள் குறிப்பது ஒன்றுதான் பாக்கி.

"என்னதான் சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லு."

"பொண்ணோட அம்மா போன்ல சொன்னாங்க. பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி இருக்காம். இந்த உப்புத் தண்ணியில குளிச்சா எல்லாம் கொட்டிருமாம். காவிரித் தண்ணி இல்லாத வீட்டுல எப்படிக் குடுக்கறதுன்னு யோசிக்கிறாங்களாம்."

"உப்புத் தண்ணியாமே! முந்நூறு அடி ஆழத்துக்கு நான் போட்ட போருடி அது. என் சொந்தத் தண்ணி!"

வையம்பட்டியில் கிணறு வற்றி, நிலம் காய்ந்து, திருச்சிக்கு வந்து சிமெண்ட் கடை வைத்து முன்னேறியவர் அடைக்கலம். ஏர்போர்ட் பக்கம் வாங்கிய மனையில் போர் போட்டுத் தண்ணீர் பீறிட்ட அன்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். அதனால் தெருவுக்குக் காவிரிக் குழாய் வந்து எல்லாரும் இணைப்பு வாங்கியபோது, "என் தண்ணி இருக்கறப்ப எவன் தண்ணியும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

பெருமை அவருக்கு. குடம் சுமப்பது ரங்கநாயகிக்கு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் தினமும் ரஷீதா வீட்டுக் குழாயில் போய் நிற்க வேண்டும். டம்ளர், பக்கெட், பாத்ரூம் குழாய் என்று எதைத் தொட்டாலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கை வெடித்துக் கிடந்தது. அவருக்கென்ன? கடையில் கேன் தண்ணீர் குடிப்பார். முடி கொட்டும் கவலையும் இல்லை. கொட்டுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

"விடு, வேற பொண்ணு பாக்கலாம்," என்றார்.

அஜித் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான். "யாழினி இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா."

"சரி, போனைக் குடு. அவங்கப்பாவை நாலு வார்த்தை கேக்கறேன்."

ரங்கநாயகி சட்டென்று போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க பேசினா சம்பந்தமே முறிஞ்சிரும். உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு கெஞ்சித்தான் அந்தம்மா என்கிட்டச் சொன்னாங்க. அவங்க சொந்தக்காரர் யாரோ, 'தண்ணிக்கு வழியில்லாத வீட்டுலயா பொண்ணு குடுக்கப் போறீங்க'ன்னு கேட்டாராம்."

"என்னது? என் வீடு தண்ணிக்கு வழியில்லாத வீடா?"

வையம்பட்டிக்காரருக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. அடைக்கலம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கனெக்‌ஷனுக்கு நாளைக்கே எழுதிக் குடுக்கறேன்," என்றார்.

ரங்கநாயகி வெடித்த உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள். "இதையேதானே நானும் இத்தனை வருஷமாக் கேட்டேன்? இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கும் இடுப்பு வரைக்கும்தான் முடி இருந்துச்சு. என் கையை ஒரு நாளாவது பிடிச்சுப் பார்த்தீங்களா?"

"நீ வீட்டு மனுஷி, அனுசரிச்சுப் போயிருவே. அவங்க சம்பந்தி. கேட்டா மறுக்க முடியுமா? என் மரியாதை என்னாகிறது?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

அடைக்கலம் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். கடையை விட்டுவிட்டு மாநகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். தெருவில் பள்ளம் தோண்டினார்கள். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் புதுக் குழாய் வந்தது. எல்லாம் சம்பந்தி பண்ணும் அதிகாரம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தார்.

ஒரு நாள், கல்யாண மண்டபம் பற்றிப் பேச யாழினியின் அப்பா வந்தார். தண்ணீர் பற்றி எதையும் கேட்டுவிடாதீர்கள் என்று ரங்கநாயகி படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், சம்பந்தி கிளம்பும் நேரத்தில் அடைக்கலத்தால் வாயை அடக்க முடியவில்லை. டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க சம்பந்தி. காவிரி! உங்க பொண்ணு முடிக்கு இனிமே ஒரு குறையும் வராது. நீங்க கேட்டீங்க, நான் செஞ்சுட்டேன்."

குரலில் இருந்த குத்தல் அந்த மனிதருக்குப் புரியவில்லை. அவர் திருதிருவென்று விழித்தார்.

"நாங்க எப்பங்க கேட்டோம்? எங்க அபார்ட்மெண்ட்லயும் போர் போட்ட உப்புத் தண்ணிதாங்க. யாழினிக்கு அது பழகிப்போச்சு."

அவரை அனுப்பிவிட்டு அடைக்கலம் நேராகச் சமையலறைக்குப் போனார். ரங்கநாயகி புதுக் குழாயடியில் பருப்பு களைந்துகொண்டிருந்தாள்.

"அவங்க கேக்கவே இல்லையாமே! அப்புறம் யாருடி கேட்டது?"

அவள் குழாயை மூடாமலே திரும்பினாள்.

"நான்தாங்க. எப்பவும் நான்தான் கேட்டேன். இந்தத் தடவை அவங்க பேர்ல கேட்டேன், உடனே வந்துருச்சு."