வெள்ளை வட்டம்

மீன் ஏலக்கூடத்தின் புதிய வளைவுக் கூரைக்குக் கீழே, தரையில் வரைந்த வெள்ளை வட்டத்துக்குள் பிலோமினா நின்றாள். நிற்பதுதான் அவள் வேலை.

பழங்கால ரோமில் வளைவு கட்டியவனை அதன் அடியிலேயே நிறுத்திவிட்டுத்தான், அதைத் தாங்கும் சென்ட்ரிங்கைப் பிரிப்பார்களாம். இப்போது எல்லாவற்றையும் வடிவமைப்பது எந்திரம். அதை எங்கே நிறுத்துவது? அதற்குப் பதிலாக நிற்க உரிமம் வாங்கியவள் பிலோமினா. கம்பியே இல்லாமல் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்து வார்த்த கூரை. அவளுக்கு இது நாற்பதாவது. ஒன்றுகூட விழுந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு அவளுக்குப் பிடிக்கும்.

வெளியே பேண்டு வாத்தியம் அதிர்ந்தது. தூத்துக்குடியே கயிற்றுக்கு அப்பால் திரண்டிருந்தது. சென்ட்ரிங்கைப் பிரிக்க ஒலிபெருக்கியில் எந்திரம் பத்திலிருந்து எண்ணத் தொடங்க, கூட்டமும் சேர்ந்து கத்தியது.

"ஏ பிலோமி, தூண் மறைக்குது! கொஞ்சம் இந்தப் பக்கம் வா!" அவள் கணவன் கிளேட்டஸ் கேமராவைத் தூக்கிக் காட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டே நாலு எட்டு தள்ளி வந்து கையை ஆட்டினாள். "இப்ப எடுங்க!"

மூன்றில் எண்ணிக்கை நின்றது.

"பிலோமினா, தயவுசெய்து வட்டத்துக்குள் வாருங்கள்" என்றது எந்திரம்.

"ஏன், இங்க நின்னா என்ன?"

"வட்டத்துக்கு மேலே இருக்கும் கூரைக்கு மட்டும்தான் நான் உத்தரவாதம்."

இப்படி வட்டத்துக்குள் அவள் நின்ற முப்பத்தேழாவது கூரை, அவள் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தினுடையது. பிலோமினா கயிற்றைத் தாண்டி ஓடினாள்.