காலிக் கட்டம்

“‘மார்ச் 9. இன்று ஒரு சிறிய தவறு கண்டுபிடித்தேன். செய்தது நான்தான்.’ ஏன்டா, இது டைரியா, போலீஸ்ல குடுத்த வாக்குமூலமா?”

நோட்டை உரக்கப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள். மடியிலிருந்த ஐந்து மாதக் குழந்தையும் என்னவென்று தெரியாமலே சிரித்தது.

“குடுக்கா அதை!” தம்பி எட்டிப் பறிக்கப் பார்த்தான்.

“இரு, இரு. என்ன தப்பு? சொல்லிட்டு வாங்கிக்கோ.”

பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் புள்ளிவிவர வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தான் தம்பி. பயிற்சிக்காக ஆசிரியர் வகுப்பு முழுவதையும் ஒரு பேஸ்பால் கம்ப்யூட்டர் விளையாட்டில் இறக்கிவிட்டிருந்தார். அதில் மட்டையைத் தொடவே வேண்டாம். ஆளுக்கு ஓர் அணி. பதினெட்டு வயது ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பொறுக்கி எடுத்து, சீசன் சீசனாக வளர்த்து, தேறாதவர்களை விடுவிக்க வேண்டும்.

“முதல் சுத்துல பந்து பிடிக்கிற கேட்சர் ஒருத்தனை எடுத்தேனே, அவனை விட்டுட்டேன்.”

“ஐயையோ, அந்த உருண்டை மூஞ்சியா? தங்கக் கட்டின்னு தலையில தூக்கி வெச்சு ஆடினியே!”

“நான் கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குத் தாள் சொல்லிச்சுக்கா. வருஷா வருஷம் மார்க் எவ்வளவு ஏறியிருக்குன்னு கணக்குப் போடும். ஏறலைன்னா ‘விடுவிக்கலாம்’னு காட்டும். அவனுக்குப் பூஜ்யம் வந்துச்சு.”

“ஏன்?”

“மணிக்கட்டு ஒடிஞ்சு சீசன் பூரா ஆடலை. அதனால அந்த வருஷத்து மார்க் கட்டம் காலி. காலியா இருந்தா வளர்ச்சியே இல்லைன்னு என் கணக்கு எடுத்துக்கிச்சு.”

அக்கா வாயைப் பிளந்தாள். “ஆட வராதவனை வளரலைன்னு வெளிய தள்ளிட்டியா? பாவிப்பயலே!”

“எங்க கிளாஸ்ல ஒரு பஸ் டிரைவர் அண்ணன் இருக்காரு, அவர் அவனைத் தன் அணிக்குக் கொத்திக்கிட்டுப் போயிட்டாரு. நேத்து எனக்கு எதிராவே நம்ம சிக்ஸர் மாதிரி ரெண்டு ஹோம் ரன் அடிச்சான்.”

“உனக்கு நல்லா வேணும்.”

“என் தாளைத் திருத்திட்டேன். ஆனா பக்கத்து சீட் மேடம் போன வாரமே ஒரு பிரதி வாங்கிட்டுப் போனாங்க. அவங்ககிட்டயும் சொல்லணும். நேத்து கிளாசுக்கு வரலை. வேலை அதிகமாம்.”

“யாரு, கடைசி இடத்துல இருக்காங்கன்னு சொல்வியே, அவங்களா? என்ன வேலை பாக்கறாங்க?”

“கேக்கலை. ‘பகல் பூரா முந்நூறு பேரை மேய்க்கிறேன், இங்க இருபத்தஞ்சு பேரை மேய்க்க முடியலையே தம்பி’ன்னு புலம்புவாங்க.”

“ஹெட்மிஸ்ட்ரஸா இருக்கும். விடுடா. விளையாட்டுல நாலு பொம்மைக்கு வேலை போனா உலகமா முழுகிடும்?” அக்கா பக்கங்களைப் புரட்டினாள். “அது சரி, எல்லாப் பக்கத்துலயும் அடியில ‘சரியா? இன்னொரு முறை பார்க்கவும்’னு எழுதறியே, கல்யாணப் பத்திரிகையிலயும் போடுவியா?”

“கணக்குத் தாள்லயும் போட்டிருக்கேன். எனக்கு என் மேலேயே சந்தேகம்.”

“அது நியாயமான சந்தேகம்தான். இந்தா, மருமகளைப் பிடி.”

குழந்தையை அவனிடம் திணித்துவிட்டு, அக்கா நீலச் சீருடையை விரித்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். மூக்குக்கண்ணாடி லென்ஸ் தயாரிக்கும் கம்பெனியில் எட்டு வருடமாகப் பரிசோதகர். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

“போனதும் லைன் இன்சார்ஜ் ஆக்கறதைப் பத்திப் பேசலாம்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. காலையில உங்க மாமா பாத்துப்பாரு, கிளாஸ் இல்லாத சாயங்காலம் நீ. உன் கேட்சர் மாதிரி இவளைக் கைவிட்டுடாதே.”

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, சீருடை மடித்தபடியே நாற்காலியில் கிடந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வர வேண்டாம்னுட்டாங்கடா.”

“யாரு?”

“கம்பெனியில. ஆளைக் குறைக்கறாங்களாம். முந்நூறு பேருல பதினோரு பேர். அதுல நான் ஒருத்தி.”

“நீயா? உன் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளிய போகாதுன்னு அவங்களே சொல்வாங்களே!”

“எனக்கும் ஒண்ணும் புரியலை. ஏதோ கணக்கு அனுப்பியிருக்காங்க. நீதான் படிக்கிறியே, பாத்துச் சொல்லு.”

உறையை வாங்கிப் பிரித்தான். முதல் பக்கத்தில் கடிதம். ‘உங்கள் பணித்திறனில் வளர்ச்சி காணப்படாததால்…’ என்று தொடங்கியது.

“எந்த முட்டாள்க்கா இப்படிக் கணக்குப் போட்டது?” அவன் கத்தினான். “நாளைக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன், பாரு.”

இரண்டாவது பக்கத்தைத் திருப்பினான். அக்காவின் பெயருக்கு நேரே 78, 84, 91. இந்த வருடத்துக் கட்டம் காலி. வளர்ச்சி: 0. முடிவு: விடுவிக்கலாம்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? என்ன போட்டிருக்கு?”

தாளின் அடியில், யாரும் அழிக்காமல் விட்ட சின்ன எழுத்துகளில் இருந்தது: ‘சரியா? இன்னொரு முறை பார்க்கவும்.’

அன்று அவன் நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: ‘மார்ச் 10. நாளைய வேலை: முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். பிறகு ஒன்பது மணிக்கு அவள் கம்பெனிக்குப் போய், அந்தக் கட்டம் ஏன் காலி என்று பக்கத்து சீட் மேடத்திடம் சொல்ல வேண்டும்.’