குடுக்கைக்கு மலாயில் என்ன?

“அவ… சரக்… குடுக்கை” என்றார் லியனார்ட்.

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் அந்த மலாய்ப் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கோப்பை, சீப்பு, செருப்பு என்று படம் படமாகக் காட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் இவர் வாய் திறக்கவில்லை.

கேட்பது புரிகிறதென்று தெரிந்தால்தான் பயிற்சியைத் தொடர முடியும், இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். பண்டமாரான் வீட்டில் கார் ஏறியதிலிருந்தே நான் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

கடைசியாக இவரிடம் ஏதோ கேட்டாள். நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் கேள்வி காதில் விழவில்லை. இவர் சொன்ன சொல் மட்டும் விழுந்தது.

அப்படியென்றால் என்ன என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் விடுவேனா?

தெரிந்த மலாயில் கொட்டித் தீர்த்தேன். குடுக்கை என்றால் உள்ளே குடைந்து காயவைத்த சுரைக்காய். தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். வாய் ரொம்பச் சின்னது. அவசரப்பட்டு ஊற்றினால் வெளியேதான் சிந்தும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் குளுக் குளுக்கென்று சத்தம் வரும், தண்ணீர் வராது.

சொல்லும்போதே இவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உள்ளே எவ்வளவோ இருந்தது. வாய்தான் சின்னதாகிவிட்டது.

“ஓ, லாபு” என்றாள் அவள். மலாயில் சுரைக்காய்க்கு அதுதான் பெயர்.

தாகமாக இருக்குமோ என்று, புரையேறாமலிருக்க மாவு போட்டுக் கெட்டியாகக் கலக்கிய தண்ணீரை ஒரு கரண்டி ஊட்டப் போனாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னையே பார்த்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். புரியவில்லை போலிருக்கிறது புவான், என்று மரியாதை போட்டு மெதுவாகச் சொன்னாள். படங்களைக் கவிழ்த்துவிட்டு, உங்களைக் காட்டி, இது யார் என்றுதான் கேட்டேன். அதற்குப் போய் லாபு என்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் எங்கள் கல்யாணத்தன்று, ஃபாதர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் நான் “சம்மதம்” என்று சொல்லிவிட்டேன். கோயிலே சிரித்தது. அன்று இவர் எனக்கு வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு இவர் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“அது நான்தான், மிஸ். அது என் பேரு.”

அவளுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. என் கையை இதமாகப் பிடித்துக்கொண்டாள்.

“புவான் பேரு மகதலேனாதானே?”