முந்தானையில் ஒரு சாண்

அவள் கிழித்தேவிட்டாள்.

முந்தானையில் ஒரு சாண் அகலம். மயில் கரையோடு.

எதிரே, பேக்கிங் ஷெட்டில், மரச் சட்டத்தின் மேல் மோட்டார் உட்கார்ந்திருந்தது. நாலு டன் கனம். அதன் சுழல் தண்டில் கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பைகளை இடுக்குகளில் வைத்தாயிற்று. லாரிக் குலுக்கலில் தண்டு ஆடினால் பேரிங் கெட்டுப்போகும். அதனால் இரும்புப் பட்டையால் பூட்டும் போட்டாயிற்று.

அந்தப் பூட்டில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

கட்டாவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது பூட்டோடு சுவிட்சைப் போட்டுத் தொலைப்பார்கள். கட்டினால், பெட்டியைத் திறக்கும் ஃபிட்டர் முதலில் துணியை அவிழ்ப்பார். அப்புறம்தான் பூட்டுக்குக் கை போகும்.

அந்த ஃபிட்டர் அவள் புருஷன்.

பெட்டியில் முகவரி எழுதியதே அவள்தான். குஜராத்தில், கடலோரம் ஒரு சிமெண்ட் ஆலை. தீபாவளி கழிந்து கோவையிலிருந்து அங்கே கிளம்பிப் போனவன் அவளோடு பேசுவதில்லை. அக்காவுக்குப் போன் செய்கிறான். பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைக்கூட விசாரிக்கிறான். இவளைக் கேட்பதில்லை. இவள் கூப்பிட்டால் எடுப்பதுமில்லை.

அவனும் ரோஷக்காரன். இவள் வாயும் சும்மா இருக்காது.

தீபாவளிக்கு அவனே கடையேறி எடுத்து வந்த சிவப்புச் சேலை. வாசல் நிறைய சொந்தக்காரர்கள். எல்லோர் முன்னாலும் விரித்துப் பார்த்தவள், "இது தரை தொடைக்கத்தானுங்க ஆகும்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை.

இன்றுதான் முதல் முறையாக அதைக் கட்டி வந்திருக்கிறாள். சுருளில் கம்பெனியின் சிவப்புத் துணி இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது அவனிடம் என்ன சொல்லும்? சேலையின் உள்தலைப்பைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் அடையாளம் தெரியாது. அதனால்தான் முந்தானை.

இரட்டை முடிச்சுப் போட்டாள். ஒரு முறை தடவிக் கொடுத்தாள்.

பலகை அடித்தார்கள். கிரேன் தூக்கியது. லாரி கேட்டைத் தாண்டியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தரை துடைக்கத்தான் ஆகும் என்று சொன்னவள், இப்போது அதைக் கந்தலாகவே கிழித்து அனுப்பியிருக்கிறாள்.

போனைப் போட்டாள். வழக்கம்போல் அவன் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்தாள். துவைப்பதும் கட்டுவதுமாக அதே சேலையில் வேலைக்கு வந்தாள். முந்தானை குட்டையாகி, இழுத்துச் செருக எட்டவில்லை.

"வேற சேலையே இல்லையா கண்ணு?" என்றார் பேக்கிங் மேஸ்திரி மயில்சாமி. அவள் அடுத்த பெட்டிக்கு முகவரி எழுதப் போனாள். வாய் சும்மா இருந்தது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

ஒரு மத்தியானம், பெட்டிக்கு ஆணி அடிக்கும் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது.

அவன்.

பின்னால் ஒரு மோட்டார் இரைந்தது. சீரான இரைச்சல். அப்படியானால் பூட்டை எடுத்துவிட்டான். துணியை அவிழ்த்துவிட்டான்.

"ஏனம்மிணி," என்றான். "ஆசையா எடுத்த சேலைய இப்படிக் கிழிச்சு அனுப்பியிருக்கறயே?"

"அப்படியில்லீங்க..."

"இங்க ஒரே எரைச்சலு. கேக்கல. மீதிச் சேலை என்னாச்சு?"

"கட்டியிருக்கறனுங்க."

"கேக்கல."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஷெட் நிறைய ஆட்கள். மேஸ்திரி வேறு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பார்த்தால் பார்க்கட்டும்.

"உங்க சேலையத்தான் கட்டியிருக்கறனுங்க! எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க!"

சுத்தியல்கள் நின்றன. யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள்.

"கேக்கலயே அம்மிணி," என்றான் அவன். "இன்னொருக்காச் சொல்லு."

அவன் பின்னால் மோட்டார் எப்போதோ நின்றிருந்தது.